கட்டச் சொன்ன தண்ணி

வாய்க்கால் வந்து முடிகிற கடைசி வயல் அது. அங்கே பயிர் வைத்தவர்கள் தண்ணீருக்காகக் கெஞ்சியிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதனால் வயல் வயலாகத் தண்ணீர் திருப்பிவிடும் மடைக்காரர் தன் காதையே நம்பவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி சுற்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன சொன்ன தங்கச்சி?"

"இந்த முறை எனக்குத் தண்ணி வேணாம்ணே. மாமா பாதிக்கு மட்டும் விடுங்க."

"வேணாமா?"

"வேணாம்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கா, வயலுக்கா?"

"ரெண்டுல ஏதோ ஒண்ணுக்கு."

அவள் வயலில் இறங்கி, பயிர் நடுவே நட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் குழாயைக் காட்டினாள். வீட்டில் தொட்டி வேலைக்கு வாங்கி மிஞ்சிய துண்டு. ஒரு முழ நீளம். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பக்கமெல்லாம் ஓட்டை போட்டிருந்தாள். பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளே, மீதி வெளியே.

"உள்ள எட்டிப் பாருங்க. மேல மண்ணு காஞ்சிருக்கு, சரியா? ஆனா கீழ தண்ணி நிக்குதுல்ல? அது முக்கால் சாண் இறங்குற வரைக்கும் வேருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. இறங்கினதும் நானே வந்து கேக்குறேன், அப்ப விடுங்க."

மடைக்காரர் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "முப்பது வருஷமா வயலைப் பாக்குறேன் தங்கச்சி. வயலுக்கு ட்ரிப்ஸ் ஏத்துறத இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

அன்று மாலை டீக்கடையில் அவளுக்குக் குழாய்க்காரி என்று பெயர் விழுந்தது. அவள் புருஷனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. யார் என்ன சொன்னாலும் "சரி சரி" என்று தலையாட்டுவான் என்பதால் சரிசரி.

குழாய்க்காரி விளையாட்டுக்கு இதைச் செய்யவில்லை. சுற்றி இருந்த வயல்கள் ஒன்றொன்றாகச் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தன. சூளைக்காரர் வயலை வாங்க மாட்டார், மேல் மண்ணை மட்டும் இரண்டடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துப் போவார். அப்புறம் அது வயல் இல்லை, பள்ளம். மழை பெய்தால் குட்டை, வெயிலடித்தால் பாளம். மாமனாரும் வாய் விட்டிருந்தார், இந்த அறுப்போடு சரி என்று.

"வருஷா வருஷம் மகசூல் குறையுது. வாய்க்கால்ல வர்றதே ஒரு கை தண்ணி. அதுலயும் மேல இருக்கிறவன் குடிச்சது போக எச்சில்தான் நமக்கு. நான் யாருக்காக இந்தச் சேத்துல கிடந்து உழலணும்?"

"மாமா, ஒரு போகம் குடுங்க. பாதி வயல். என் இஷ்டத்துக்கு வைக்கிறேன்."

"வச்சு?"

"உங்க பாதியவிட என் பாதி கூட விளைஞ்சா மண்ணைக் குடுக்கக் கூடாது."

மாமனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மூட்டை. ஒரே ஒரு மூட்டை கூட வரட்டும், சூளைக்காரனை வாசப்படி ஏற விட மாட்டேன். வரலைன்னா நீ குறுக்க வரக் கூடாது. பேச்சு பேச்சுதான்."

நடுவில் புதிதாக ஒரு வரப்பு போட்டார்கள். வடபாதி அவளுக்கு, தென்பாதி அவருக்கு. ஒரே விதை, ஒரே நாற்று, ஒரே நாளில் நடவு.

நடவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அவள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எருக்குழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சாணி ஒரு அடுக்கு, வைக்கோல் ஒரு அடுக்கு, சமையல்கட்டுக் கழிவு ஒரு அடுக்கு. தண்ணீர் தெளித்து, மூடி, மாதம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். முதல் கிளறலில் சூடு முகத்தில் அடித்தது. மூன்றாவது கிளறலில் நாற்றமே இல்லை. கையில் அள்ளினால் டீத்தூள் மாதிரி உதிர்ந்தது. சரிசரி அதைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டி, கழுத்து சுளுக்கிக்கொண்டு, ஒரு வாரம் எதிரில் வருகிறவர்களை உடம்போடு திரும்பித்தான் பார்த்தான். அதற்கு மேல் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில் அப்படியே சேற்றில் மடக்கி உழுதாள்.

இவ்வளவு செய்தும், நட்ட முப்பது நாளைக்கு அவள் பயிர் காமாலை வந்த மாதிரி நின்றது. மாமனார் மூட்டை உரத்தை வாங்கி வீசினார், அவர் பாதி பத்தே நாளில் கரும்பச்சையாக எழும்பி நின்றது. வரப்பில் போகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"குழாய்க்காரி, உன் பயிருக்கு ஏதாவது டானிக் வாங்கிக் குடு."

"உங்களுக்கு வாங்குறப்ப சேத்து வாங்குறேண்ணே."

பேச்சுக்குப் பதில் பேச்சு கொடுத்துவிடுவாள். ஆனால் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. முப்பதாவது நாளுக்கு மேல்தான் பச்சை திரும்பியது. நாற்பத்தைந்தாவது நாள் இரண்டு பாதியிலும் ஒவ்வொரு குத்தைப் பிடுங்கி மாமனார் முன்னால் போட்டாள். அவள் குத்தில் கிளைத்த தூர் இருபத்தெட்டு, அவர் குத்தில் பத்தொன்பது. அவள் வேர் நூல் கண்டு மாதிரி வெள்ளை. அவர் வேர் துருப்பிடித்துக் கறுத்து, கெட்டுப்போன முட்டை நாற்றம் அடித்தது.

"பாருங்க மாமா. எப்பவும் தண்ணியிலேயே ஊறப் போட்டா வேரு மூச்சு விடாது."

மாமனார் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய்விட்டுத் தள்ளி வைத்தார். "வேரை யாரு திங்கப் போறா? கதிரு வரட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

அஞ்சு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். அவள் ஒரு முறை விட்டு ஒரு முறைதான் எடுத்தாள். எடுக்காத முறையில் தண்ணீர் தானாக உள்ளே வந்துவிடாமல் மடையில் மண் வைத்து அடைப்பது சரிசரியின் வேலை. ஒவ்வொரு தடவையும் அவனைத் துரத்தித் துரத்திச் சொல்வாள்: "ஏங்க, தண்ணியக் கட்டிடுங்க. தண்ணியக் கட்டிட்டீங்களா? போய்ப் பாருங்க, கசியப் போகுது."

கட்டு என்கிற சொல்லில்தான் வினை. தண்ணியக் கட்டு என்றால் அடை. தண்ணி கட்டு என்றால் பாய்ச்சு. நேர் எதிரான இரண்டு வேலைக்கு ஒரே சொல், நடுவில் ஒரு 'ய' மட்டும்தான் வித்தியாசம். அந்த வாய்க்கால் முழுக்க எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், யாரும் குழம்பியதில்லை. காய்ந்து கிடக்கிற வயலைக் காட்டி அடை என்று சொல்ல அதுவரைக்கும் யாரும் பிறக்கவில்லையே. குழாய்க்காரி அறுபது நாளாக அதைத்தான் சொன்னாள். அவள் வாயில் கட்டு என்றால் சரிசரிக்கு ஒரே அர்த்தம்தான்.

கதிர் எட்டிப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் டவுனில் விவசாய ஆபீஸில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். நீர் சிக்கனம் பற்றி அஞ்சு நிமிஷம் பேச வரச் சொன்னார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறைத் தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். முதல் நாள் மத்தியானமே மடைக்காரர் போன் அடித்தார்.

"தங்கச்சி, மேல ஒரு மதகு வேலை. முறையை ஒரு நாள் முன்னாடி தள்ளிட்டாங்க. நாளைக்குக் காலையில உங்களுக்கு."

மேடையில் யாரோ மண்ணின் கார அமிலத் தன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் புருஷனுக்குத் தட்டினாள்: 'நாளைக்கு காலைல நம்ம பாதிக்கு தண்ணி கட்டிடுங்க. மறந்துடாதீங்க. ரொம்ப முக்கியம்.'

உடனே பதில் வந்தது. 'சரி சரி.'

மறுநாள் காலை அவள் பேசினாள். "மத்த நேரம் காயப் போட்டா பயிரு தாங்கும். ஆனா கதிர் வந்து பூக்குற நேரம் மட்டும் காயவே விடக் கூடாது. அப்ப விட்டீங்கன்னா அத்தனையும் பதராப் போயிடும்" என்றாள். கை தட்டினார்கள். அதே நேரத்தில் சரிசரி இடுப்பு வரைக்கும் சேறாகி, மடையில் மூன்றாவது கூடை மண்ணைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் வயலுக்குத்தான் போனாள். மாமனார் பாதியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் பளபளவென்று நின்றது. அவள் பாதியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. குழாய்க்குள் குச்சியை விட்டாள். அடி வரைக்கும் போய்க் காய்ந்த குச்சியாகவே திரும்பி வந்தது. ஒன்பது நாள் ஆகியிருந்தது கடைசியாகத் தண்ணீர் பார்த்து.

சரிசரி மலர்ந்த முகத்தோடு வரப்பில் வந்தான். "வந்துட்டியா? பாத்தியா, ஒரு சொட்டு உள்ள விடல."

அவள் மடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்து வயல்காரன் இருக்கானே, வந்து மடையை வெட்டப் பாத்தாம்மா. கதிரு வர்ற நேரம்யா, பயிரு வாடுதுய்யான்னு ஒரே சத்தம். நான் விட்டேனா? மண்ணைக் கொட்டி, சாக்கைப் போட்டு, அதுக்கு மேல ஏறி உக்காந்துட்டேன். தண்ணி போய் முடியிற வரைக்கும் எந்திரிக்கலையே!"

"தண்ணி கட்டுங்கன்னுதானே அனுப்பினேன்!"

"அதான் கட்டிட்டேனே."

"ஐயோ, தண்ணி கட்டச் சொன்னேங்க! தண்ணியக் கட்டச் சொல்லல!"

சரிசரி போனை எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்தெழுத்தாகப் படித்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"நீ என்னைக்கு என்னைத் தண்ணி பாய்ச்சச் சொல்லியிருக்க?" என்றான் மெதுவாக. "ரெண்டு மாசமா கட்டு கட்டுன்னு உசிரை வாங்கின. பாய்ச்சுற அன்னிக்கெல்லாம் நீயே போயிடுவ. எனக்கு அடைக்கிற வேலை மட்டும்தானே குடுத்த?"

"கதவுக்குப் பின்னாடி அட்டையில எழுதி ஒட்டியிருக்கேன்ல? வட்டம் போட்டா எடுக்கணும், பெருக்கல் போட்டா அடைக்கணும்னு? இந்த முறைக்கு வட்டம்!"

"ரொம்ப முக்கியம்னு வேற போட்டிருந்தியே. அதுக்கு மேல நான் எதுக்கு அட்டையைப் பாக்குறேன்?"

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் மடைக்காரர் வீட்டுக்கு ஓடினாள்.

"இன்னும் நாலு நாள் ஆகும் தங்கச்சி" என்றார் அவர். "முறை மேல போயிடுச்சு. அங்க இருபது பேரு வாயைப் பொளந்துட்டு நிக்குறான். வேணாம் வேணாம்னு நீ தள்ளின தண்ணியை எல்லாம் நான் என்ன பானையிலயா பிடிச்சு வச்சிருக்கேன்?"

திரும்பி வரும்போது மாமனார் நடுவரப்பில் நின்றுகொண்டிருந்தார். வெடிப்பையும் பார்த்திருந்தார், மகன் முகத்தையும் பார்த்திருந்தார்.

"வரப்பை வெட்டிக்கோ" என்றார். "என்கிட்ட நிக்கிறதுல பாதியை எடுத்துக்கோ. நான் வேணாம்னு சொல்லல. ஆனா என் தண்ணியை வாங்கிட்டா பந்தயம் அத்தோட முடிஞ்சுது. அப்புறம் மூட்டை எண்ணக் கூடாது."

"அப்ப மண்ணைக் குடுத்துருவீங்களா?"

"பேச்சு பேச்சுதான்."

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வெட்டும்மா" என்றான் சரிசரி. "பந்தயம் கிடக்கட்டும். பயிரைப் பாரு."

மண்வெட்டி அவள் கையில்தான் இருந்தது. நாலே வெட்டில் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துவிடும். வெட்டினால் பயிர் பிழைக்கும், வயல் போய்விடும். வெட்டாவிட்டால் இரண்டுமே போகலாம், இரண்டுமே நிற்கவும் செய்யலாம். அந்த 'லாம்' அவளைப் பிடித்துக்கொண்டது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் குடங்களை எடுத்து வரச் சொன்னாள்.

வாய்க்கால் அடியில் ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. நாலு நாள் அதைச் சுமந்தார்கள். விடிகிற நேரத்தில் ஆரம்பித்து, வெயில் ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். முற்பகலில்தான் நெல் பூத் திறக்கும், அப்போது பயிருக்குள் நடமாடக் கூடாது. மறுபடி சாயங்காலம். வரப்பில் நின்று ஊற்றினால் நாலு வரிசைக்குத்தான் போகிறது. உள்ளே போனால் பயிரை மிதிக்க வேண்டும். குடம் கவிழ்ந்த இடத்தில் மண் 'சுர்'ரென்று ஒரு சத்தத்தோடு குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கிடந்தது. இரண்டாம் நாள் சரிசரியின் தோளில் தோல் உரிந்தது. அந்த நாலு நாளும் இரண்டு பேரும் குடத்தோடுதான் பேசிக்கொண்டார்கள்.

அஞ்சாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நிறையவே வந்தது. வயல் குடித்துத் தீர்த்தது. ஆனால் பூத்துக் கருகியது கருகியதுதான்.

அறுப்பு நெருங்கியபோது கண்ணுக்கே தெரிந்தது. மாமனார் பாதியில் கதிர்கள் தலை குனிந்து நின்றன. அவள் பாதியில் தூர் அதிகம், கதிரும் நீளம். ஆனால் பாதிக் கதிர்கள் கனமில்லாமல் விறைப்பாக நின்றன. குடத்துத் தண்ணீர் எட்டிய வரப்பு ஓரத்து நாலு வரிசை மட்டும் அப்படிக் குனிந்திருந்தது. மொத்த வயலும் அப்படித்தானே வந்திருக்க வேண்டும்?

களத்தில் தூற்றினார்கள். அவள் பக்கம் காற்று அள்ளிக்கொண்டு போன பதர் முழங்கால் உயரம் குவிந்தது. மாமனாருக்குப் பதினாலு மூட்டை. அவளுக்குப் பன்னிரண்டரை.

"அந்தப் பதருல கால்வாசி நெல்லா இருந்திருந்தாக்கூட..." என்று ஆரம்பித்தான் சரிசரி.

"பேசாதீங்க."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"தயவுசெஞ்சு பேசாதீங்க!"

மாமனார் ஜெயித்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே, "பாதித் தண்ணியிலதான் இவ்வளவு எடுத்திருக்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்குச் சூளைக்காரன் மண்ணு பாக்க வர்றான்" என்றும் சொன்னார்.

சூளைக்காரர் கடப்பாரையும் ஒரு வாளித் தண்ணீரும் செங்கல் அச்சும் சகிதமாக வந்தார். மூன்று பேரும் வரப்பில் நின்றார்கள். முதலில் அவள் பாதியில்தான் இறங்கினார். கடப்பாரை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மண்ணை அள்ளித் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் கயிறு மாதிரி உருட்டப் பார்த்தார். உடைந்தது. மறுபடி உருட்டினார். மறுபடி உடைந்தது.

"என்னத்தைப் போட்டுத் தொலைச்சீங்க இதுல? ஒரே சக்கை. தோண்டுற இடமெல்லாம் மண்புழு வேற. இதை அச்சுல போட்டுச் சுட்டா உள்ள இருக்கிற சக்கையெல்லாம் எரிஞ்சு, ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாத்தான் வரும். எனக்கு வேணாம்."

குழாய்க்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சூளைக்காரர் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். கடப்பாரை 'ணங்'கென்றது. பெயர்ந்து வந்த கட்டியைத் தட்டிப் பார்த்து, பிசைந்து, உருட்டினார். பாம்பு மாதிரி நீளமாக வந்தது, உடையவேயில்லை. அச்சில் அடைத்துக் கவிழ்த்தார். நாலு மூலையும் கத்தி மாதிரி நின்றது.

"ஆகா, இதான்யா மண்ணு!" அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஒரு புழு இல்ல, ஒரு பூச்சி இல்ல. செத்த மண்ணு. எங்களுக்கு இதுதான் வேணும். பெரியவரே, இப்படி ஒரு மண்ணு கிடைக்க நாங்க எங்கெல்லாம் அலையிறோம் தெரியுமா?"

மாமனார் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை வருஷமாப் பயிர் வைக்கிறீங்க?"

"முப்பத்தஞ்சு."

"தெரியுது. நல்லா வேலை வாங்கியிருக்கீங்க."

"இந்தப் பாதியை மட்டும் ரெண்டடி வெட்டினா என் பாதியில தண்ணி எப்படிங்க நிக்கும்?" என்று குறுக்கே விழுந்தாள் குழாய்க்காரி. "எல்லாம் பள்ளத்துக்குத்தானே வடியும்?"

"அது உங்க வீட்டு விஷயம்மா. பெரியவரே, வெள்ளிக்கிழமை பேப்பரோட வந்துரட்டுமா?"

மாமனார் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். சூளைக்காரர் இரண்டாவது தடவையும் கேட்டார். "நான் சொல்லி அனுப்புறேன்" என்றார் மாமனார், முகத்தைத் திருப்பாமல். சூளைக்காரர் அச்சைக் கழுவிக்கொண்டு கிளம்பிப் போனார். மாமனார் தன் பாதியில் இறங்கி, பெயர்ந்து கிடந்த கட்டி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கினார். உதிரவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். கட்டி அப்படியே இருந்தது.

"செத்த மண்ணாம்" என்றார். "என்கிட்டயே சொல்லிட்டுப் போறான்."

கட்டியைக் கீழே வைக்காமலே மருமகள் பக்கம் திரும்பினார்.

"குழியில எரு எவ்வளவு கிடக்கு?"

"ஒரு கூடைகூட இல்ல மாமா. மொத்தத்தையும் என் பாதியிலேயே கொட்டிட்டேன்."

"புதுசாப் போட்டா?"

"மக்க நாலு மாசம் ஆகும்."

"நாத்து விட ஒண்ணரை மாசம்தானே இருக்கு?"

"ஆமா."

"அதுக்குள்ள மக்காதா? கொஞ்சம் பச்சையா இருந்தா என்ன?"

"பச்சையாப் போட்டா பயிரு மஞ்சளடிச்சுப் போகும். இப்ப வந்த பதினாலும் வராது."

"அப்ப என்னைக்குத்தான் வரும்?"

"ஒரு போகம் அடி வாங்கணும் மாமா. ரெண்டாவதும் சுமாராத்தான் இருக்கும். அதுக்கப்புறம்தான் ஏதாவது சொல்ல முடியும். அதுவும் தண்ணி ஒழுங்கா வந்தா."

மாமனார் கட்டியை ஓங்கித் தரையில் அடித்தார். அப்போதும் அது உடையாமல் உருண்டு போய் வரப்பில் முட்டிக்கொண்டு நின்றது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"பின்ன என்ன வாயைப் பாத்துட்டு நிக்குறீங்க ரெண்டு பேரும்? போய்ச் சாணியை அள்ளுங்க!"

"இதையே பத்து நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா பத்து நாள் மிஞ்சியிருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே குழாய்க்காரி கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

"என்ன அங்க முணுமுணுப்பு?"

"ஒண்ணும் இல்ல மாமா. கூடை எங்கன்னு கேட்டேன்."